முதல் தடவை பழைய போர் மறுநடிப்புக் குழுவில் சேரப் போகிறேன்: வடசென்னை ஆட்கள் வழி சொல்லுங்கள்

கரைவலை | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ஊர் காசிமேடு. ஃபைபர் போட்டுகளுக்கு எஞ்சின் வேலை பார்க்கிறேன். வயது 26.

இன்று காலை தங்கச்சி பையனைக் கூட்டிக்கொண்டு பழைய வண்ணாரப்பேட்டை மாடிப் பூங்காவுக்குப் போயிருந்தேன். அங்கே எட்டுப் பேர் சிவப்புக் கோட்டு, தொடை பாதி வரைக்கும் நிற்கிற வெள்ளைக் கால்சட்டை, தலைப்பாகை என்று உடுத்திக்கொண்டு தோளில் மரத் துப்பாக்கியோடு வரிசையாக நின்றார்கள். ஷூட்டிங் என்றுதான் நினைத்தேன், ஆனால் கேமரா எதையும் காணோம். கேட்டேன். 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையை முற்றுகை போட்டபோது உள்ளே இருந்த சிப்பாய்கள் எப்படி நின்றார்கள், எப்படி நடந்தார்கள் என்று பழகுகிறோம் என்றார்கள். வெளிநாட்டில் ரீஎனாக்ட்மென்ட் என்று செய்கிறார்களே, அதுதான். அவர்களில் பெரியவர் ஒருவர், "நீ நிக்கிற இடமே பழைய மதில் மேலதான் தம்பி" என்றார். சின்னப் பிள்ளையிலிருந்து நான் ஓடியாடிய இடம் அது. ஒருத்தர்கூட இதை எனக்குச் சொன்னதில்லை.

மத்தியானத்திலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. அடுத்த ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறார்கள், போகத்தான் போகிறேன். ஆனால் சிலது தெரிந்துகொண்டு போனால் தேவலை. கையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும்? அந்தச் சிவப்புக் கோட்டு நாமே தைத்துக்கொள்ள வேண்டுமா? துப்பாக்கி எப்போது கையில் கொடுப்பார்கள்? போலீஸ் கேட்டால் என்ன சொல்வது? நான் பத்தாவதோடு நின்றவன். அங்கே இருக்கிறவர்கள் எல்லாரும் சரித்திரம் படித்தவர்களாக இருந்தால் என்ன பேசுவது என்றும் தெரியவில்லை.

வடசுவர் | ஞாயிறு, இரவு 11.15

தம்பி, இன்று உன்னிடம் பேசிய பெரியவர் நான்தான். நீ எழுதியதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். எங்கள் குழுவில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் ஒருத்தர், காலேஜ் பையன்கள் இரண்டு பேர், தையல் வேலை பார்க்கும் அம்மா ஒருவர், ரிட்டயர் ஆன வாத்தியார் நான், இன்னும் சிலர். பாதிப் பேர் சரித்திரம் படிக்க ஆரம்பித்ததே இங்கே வந்த பிறகுதான். பத்தாவதோ பட்டமோ, அங்கே யாரும் கேட்கப் போவதில்லை.

அப்புறம் ஒரு திருத்தம். பூங்காவில் அவசரத்தில் பாதியைத்தான் சொன்னேன். நீ நின்ற அந்த மதில், முற்றுகை நடந்தபோது கிடையாது. அது இல்லாததுதான் பிரச்சினையே. 1758 டிசம்பர் 14 அன்று பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை கறுப்பர் நகரத்துக்குள் வந்தது. இன்றைய ஜார்ஜ் டவுன்தான் அது. தடுக்க அங்கே சரியான மதில் இல்லை. தெருக்களைச் சூறையாடினார்கள், வீடுகளில் தங்கினார்கள், அங்கிருந்தே தெற்கே திரும்பிக் கோட்டையின் வடக்குப் பக்கத்தைப் பீரங்கியால் அடித்தார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் இதே கதை. கோட்டைக்குள் கவர்னர் பிகாட், படைக்குத் தலைமை ஸ்டிரிங்கர் லாரன்ஸ். அவர்களோடு 2,000-க்கும் மேற்பட்ட சிப்பாய்கள், நம் ஊர் ஆட்கள். 1759 பிப்ரவரி 16 அன்று ஆங்கிலேயக் கப்பல்கள் ஆறு வந்து நின்றன. மறுநாள் பிரெஞ்சுப் படை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது.

பத்து வருஷம் கழித்து, 1769-இல், ஹைதர் அலி குதிரைப் படையோடு பட்டணத்தின் விளிம்பு வரைக்கும் வந்து நின்று உடன்படிக்கை எழுத வைத்துவிட்டுப் போனார். அதோடு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் குலை நடுங்கிவிட்டது. அதற்கு அப்புறம்தான் கறுப்பர் நகரத்தைச் சுற்றி வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பினார்கள். கட்டிக் கொடுத்த கான்ட்ராக்டர் பால் பென்ஃபீல்ட். 1772 வாக்கில் வேலை முடிந்தது. அந்தச் செலவுக்கு மக்களிடம் வரி போட நினைத்தார்கள், வசூலாகவில்லை. வரி போய்விட்டது, வால்டாக்ஸ் ரோடு, அதாவது மதில் வரி ரோடு, என்ற பேர் மட்டும் நின்றுவிட்டது. மதிலில் மிஞ்சிய துண்டுதான் மாடிப் பூங்கா. மதில் மேலே பூங்கா, அதனால் மாடிப் பூங்கா.

சரி, உன் கேள்விகளுக்கு வருகிறேன். இப்போதைக்கு எதுவும் வாங்காதே. காட்டன் வேட்டி ஒன்று, பனியன், தண்ணீர் பாட்டில், தொப்பி. காலில் செருப்பு போதும், ஷூ வேண்டாம். முதல் மூன்று வாரம் துப்பாக்கி கிடைக்காது, நடைதான். இடது கால் முதலில், பக்கத்தில் இருப்பவன் முழங்கை உன் முழங்கையை லேசாகத் தொட்டபடி, தலையைத் திருப்பாமல். எளிதாகத் தோன்றும். இருபது நிமிஷம் நடந்து பார். தோளைத் தோள் ஒட்டி நிற்பது அழகுக்கு என்று பலபேர் நினைக்கிறார்கள். காரணம் மஸ்கெட்தான், அந்தக் காலத்து நீளத் துப்பாக்கி. அதன் குழாயில் வரிப்பள்ளம் கிடையாது, குண்டு குழாயை விடக் கொஞ்சம் சின்னது. நூறு கஜத்துக்கு அப்பால் குறி வைத்து ஒருத்தனை அடிப்பதெல்லாம் நடக்காத காரியம். அதனால் நூறு பேர் ஒட்டி நின்று ஒரே நொடியில் சுட்டால்தான் எதிரே இருக்கிற வரிசையில் ஆள் விழுவான். டிரில் எல்லாம் பிறந்தது அதிலிருந்துதான்.

போலீஸ் விஷயம். நாங்கள் பழகுவது ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், எழுத்து மூலம் அனுமதி வாங்கி. வெளியே எங்கே போவதானாலும் ஸ்டேஷனில் முன்கூட்டியே கடிதம் கொடுத்து, அதன் நகலை ஆளுக்கு ஒன்று பையில் வைத்துக்கொள்வோம். எங்களிடம் இருப்பதெல்லாம் மரத் துப்பாக்கி. வெடிமருந்து ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. வாளோ பயனெட்டோ (துப்பாக்கி முனைக் கத்தி) கூர் வைத்தது வைத்துக்கொள்ள மாட்டோம். இப்போதைய ராணுவ உடை மாதிரி எதையும் யாரும் உடுத்தக் கூடாது. பார்க்கிறவர்கள் நிஜச் சிப்பாய் என்று நம்பட்டும் என்ற எண்ணத்தோடு அதை உடுத்தினால் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 140-ஆவது பிரிவு, புதிய சட்டத்திலும் இருக்கிறது. மரத் துப்பாக்கியைத் துணி சுற்றிக் குட்டியானையில்தான் ஏற்றிக்கொண்டு போவோம். மெட்ரோவுக்கு எடுத்துக்கொண்டு போய்விடாதே, செக்கிங்கில் உட்கார வைத்துவிடுவார்கள்.

முடிந்தால் ஞாயிறுக்கு முன்னால் ஒரு நாள் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போய் வா. வெள்ளிக்கிழமை விடுமுறை. தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் வாசலில் சோதனை இருக்கும், அடையாள அட்டை எடுத்துக்கொள். 1795-இல் கட்டி முடித்த கட்டடம் அது. உள்ளே துப்பாக்கிகள், பழைய படை உடுப்புகள் எல்லாம் இருக்கின்றன. கண்ணாடிக்குள் இருக்கிற மஸ்கெட்டைப் பார்த்துவிட்டு வந்தால் எங்கள் மரத் துப்பாக்கியில் எது சரி, எது தப்பு என்று நீயே சொல்வாய்.

ஊசிநூல் | திங்கள், காலை 6.20

தம்பி, அண்ணன் சொன்ன தையல்காரம்மா நான்தான். கொருக்குப்பேட்டை.

கோட்டு விஷயத்தில் அவசரப்படாதே. புதுசாக வருகிற பிள்ளைகள் எல்லாம் வாடகைக்கு டிராமா டிரெஸ் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பளபள சாட்டின், முதுகில் ஜிப். அதைப் போட்டுக்கொண்டு நின்றால் உடம்புக்கு எதுவும் புரியாது. 18-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் நம் பக்கத்துச் சித்திரக்காரர்கள் சிப்பாயும் பெண்டாட்டியும் சேர்ந்து நிற்கிற மாதிரி படங்கள் எழுதியிருக்கிறார்கள். அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் நான் வெட்டுகிறேன். மேலே சிவப்புக் கம்பளிக் கோட்டு. கீழே குட்டை வெள்ளைக் கால்சட்டை, ஓரத்தில் பல் பல்லாக நீலக் கரை. கால் வெறும் கால், இல்லையென்றால் செருப்பு. குறுக்கே தோல்வார். மேலே சீமைச் சிப்பாய், கீழே நம் ஊர் ஆள்.

கம்பளி என்று சொன்னேனே, கவனித்தாயா? இந்த ஊர் வெயிலில் கம்பளி. கம்பெனி இங்கே வந்ததே நம் பருத்தித் துணி வாங்கத்தான். காலடிப்பேட்டையில் நெசவாளிகளைக் குடியேற்றினார்கள், வண்ணாரப்பேட்டையில் துணி வெளுத்தார்கள், கப்பல் கப்பலாகப் போனது. ஆனால் சிப்பாய்க்கு மட்டும் இங்கிலாந்துக் கம்பளி. எனக்கு அந்தத் துணியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இது தோன்றும்.

துணிக்குக் கோடவுன் தெருவுக்குப் போவேன். மெல்லிய கம்பளி, செங்கல் சிவப்பு, மீட்டர் கணக்கில் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். செக்கச்செவேல் என்று மின்னுவதை வாங்கக் கூடாது. தோல்வாருக்கும் செருப்புக்கும் பெரியமேடு. உள் தையல் மெஷினில் போட்டுக்கொள்வேன். வெளியே கண்ணில் படுகிற தையல் எல்லாம் கை. ஒரு கோட்டுக்குப் பத்து நாள் ஆகும். நீ நாலு வாரம் தொடர்ந்து வந்தால் அளவு எடுக்கிறேன். துணிக்காசு மட்டும் கொடுத்தால் போதும், அதையும் இரண்டு மூன்று தவணையாகக் கொடு.

காலடிப்பேட்டை | திங்கள், மதியம் 1.05

இடையில் வருவதற்கு மன்னிக்கணும். எங்கள் பேட்டையைச் சொன்னதால் எழுதுகிறேன். கவர்னர் காலெட் பேரில் உண்டான ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டில் தாத்தா காலம் வரை தறி இருந்தது.

எனக்கு இந்த விஷயத்தில் மனசு ஒப்பவில்லை. கம்பெனிக் கோட்டு எதற்கு நாம் திரும்பவும் போட்டுக்கொள்ள வேண்டும்? இரண்டு வெள்ளைக்காரக் கம்பெனிகள் நம் ஊரை யார் தின்பது என்று அடித்துக்கொண்டன. நடுவில் செத்தது நாம். வெளிநாட்டில் அவரவர் சொந்தப் போரை நடித்துக் காட்டுகிறார்கள். இது யார் போர்? சோழர் படை, மருது படை என்று எடுத்துச் செய்தால் நான் முதல் ஆளாக வருவேன். தம்பியைத் தடுப்பதற்காகச் சொல்லவில்லை. அந்தக் கோட்டைப் போடுவதற்கு முன்னால் அவன் ஒரு தடவை யோசிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

பெரம்பூரான் | திங்கள், இரவு 10.30

ஐயா கேட்டது நியாயமான கேள்வி. குழுவில் நான் சேரும்போது இதே கேள்வியோடுதான் சேர்ந்தேன். மூன்று வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் முழுப் பதில் என்னிடம் இல்லை, ஆனால் கேள்வி மாறியிருக்கிறது.

இந்த முற்றுகையில் கோட்டைக்கு வெளியே சிப்பாய்ப் படையோடு சுற்றிக்கொண்டு, பிரெஞ்சுக்காரர்களுக்கு வருகிற சாமானை மறித்து அவர்களை நிம்மதியாக உட்காரவிடாமல் செய்த ஆட்களில் முக்கியமானவர் முகம்மது யூசுப் கான். மருதநாயகம் என்று நாம் சொல்கிறவர். அன்று அவர் கம்பெனிக்காகத்தான் சண்டை போட்டார். ஐந்து வருஷம் தள்ளிப் போங்கள். அதே ஆள் மதுரைக் கோட்டைக்குள் இருந்துகொண்டு அதே கம்பெனியை எதிர்த்து நின்றார். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கில் போட்டார்கள். இவரை எந்தப் பக்கம் எழுதுவது? 1806 ஜூலை 10 விடியற்காலையில் வேலூரில் எழுந்தவர்கள் யார்? இதே சென்னைப் படைச் சிப்பாய்கள். புதுத் தொப்பி, நெற்றியில் குறி கூடாது, கடுக்கன் கூடாது என்று உத்தரவு போட்டதும் பொங்கினார்கள். உடுப்பு ஒருத்தன் உடம்பில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவர்களை விட யார் காட்ட முடியும்?

இன்னொன்று. எதிர்ப் பக்கமும் சிப்பாய்கள் இருந்தார்கள். இந்த நாட்டு ஆட்களை ஐரோப்பிய முறையில் பழக்கிப் போருக்கு இறக்கியதில் பிரெஞ்சுக்காரர்கள்தான் முந்தி. அப்படியென்றால் 1759 ஜனவரியில் கோட்டை மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நம் ஆட்கள். இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் தொடக்கம் என்று சொல்வதும் 1758 டிசம்பரைத்தான், முற்றுகைக்குச் சில நாள் முன்னால். யார் போர் என்று கேட்டீர்கள். கம்பெனிகளின் போர்தான். ஆனால் அதில் நின்ற கால்கள் நம்முடையவை. நாங்கள் அந்தக் கால்களைத் தேடுகிறோம். கம்பெனியின் வெற்றியைக் கொண்டாட எங்களில் ஒருத்தரும் வருவதில்லை.

என் ஊர்ப் பெருமை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தைத் தமிழில் நாள்தோறும் எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளை பெரம்பூரில் 1709-இல் பிறந்தவர். வளர்ந்து பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனது புதுச்சேரியில். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததெல்லாம் அவர் நாட்குறிப்பில் இருக்கிறது. சென்னைப் பிள்ளை பிரெஞ்சுப் பக்கம் உட்கார்ந்து சென்னை விழுந்ததை எழுதுகிறார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று கோடு கிழிப்பது அன்றைக்கே அவ்வளவு எளிதாக இல்லை.

காலடிப்பேட்டை | செவ்வாய், காலை 8.10

பெரம்பூரான், நிதானமாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. யூசுப் கான் விஷயம் எனக்குத் தெரியாது. இருந்தாலும் கோட்டு எனக்குத் தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்கிறது. சூறையாடப்பட்ட வீட்டுக்காரன் வேஷம் உங்கள் குழுவில் இருக்கிறதா? முத்தியால்பேட்டையில் தறியை விட்டுவிட்டு ஓடினவன்? அப்படி ஒன்று இருந்தால் சொல்லுங்கள், யோசிக்கிறேன்.

வடசுவர் | செவ்வாய், காலை 8.50

இதுவரை இல்லை. இருந்திருக்க வேண்டும். நீங்கள் வந்து ஏற்படுத்துங்கள் ஐயா.

பீமவேஷம் | செவ்வாய், இரவு 7.45

எங்கள் அப்பா கூத்துக்காரர். நான் பேக்டரி வேலை, சீசனில் வேஷம் கட்டுவேன். வெளிநாட்டுச் சங்கதி என்று எல்லாரும் எழுதுகிறீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டாம் போர் அன்று படுகளம் போடுகிறோமே, அது என்ன? மண்ணால் ஆள் உயரத்தை விடப் பல மடங்கு பெரிதாகத் துரியோதனனைப் படுக்கப் போட்டு, பீமன் தொடையில் அடித்து, திரௌபதி கூந்தல் முடிந்து, ஊர் மொத்தமும் சுற்றி நின்று அழுகிறதே. கூத்தில் பீமன் கட்டுகிறவன் அன்றைக்குச் சாப்பிடாமல் விரதம் இருப்பான். பார்க்க வந்தவனும் போருக்குள் நிற்பான்.

தம்பிக்கு என் புத்திமதி ஒன்றே ஒன்று. வேஷம் கட்டிய பிறகு போனைக் கையில் எடுக்காதே. தலைப்பாகை கட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கிற நேரத்தில் எல்லாம் கலைந்துவிடும். கட்டுவதற்கு முன்னால் எடு, அவிழ்த்த பிறகு எடு.

ராயபுரம் ரயில் | செவ்வாய், இரவு 9.00

ஒரு யோசனை. 1758 ரொம்பப் பழசு. எம்டன் சங்கதியை எடுக்கலாமே? 1914 செப்டம்பர் 22 ராத்திரி, துறைமுகத்துக்கு வெளியே நின்றுகொண்டு நூற்றுக்கும் மேல் குண்டு போட்டு எண்ணெய் டாங்கிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். எங்கள் பாட்டி சாமர்த்தியசாலியை "சரியான எம்டன்" என்றுதான் சொல்லும். ஹைகோர்ட் மதில் ஓரம் நினைவுக் கல்வெட்டுகூட இருக்கிறது.

வடசுவர் | செவ்வாய், இரவு 9.20

ஆசை எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் அது கப்பல் நடத்திய போர். கரையில் இருந்தவர்கள் செய்ததெல்லாம் நெருப்பைப் பார்த்ததும் ஊரைவிட்டு ஓடியதும்தான். அதை எப்படிக் காட்டுவது என்று வழி கிடைத்தால் பேசலாம்.

கரைவலை | அடுத்த ஞாயிறு, இரவு 10.10

போய் வந்தேன். எல்லாருக்கும் நன்றி. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை ஐந்தரைக்கு மைதானத்தில் ஆஜர். டிசம்பர் குளிர், வாடைக்காற்று. முதலில் நடை. அண்ணன் சொன்னது நிஜம். நான் நாள் முழுக்க எஞ்சின் தூக்குகிறவன், உடம்பு தாங்கும் என்று நினைத்தேன். வலித்தது உடம்பு இல்லை. பக்கத்தில் இருப்பவனைப் பார்க்காமல் அவன் காலோடு என் காலைச் சேர்க்க வேண்டும் என்பது தலைக்குள் வலிக்கிறது. கடலில் துடுப்புப் போடும்போதுதான் எனக்கு அது தெரியும். அந்த நினைப்பு வந்ததும் கால் தானாகச் சேர்ந்துவிட்டது.

மூன்று வாரம் துப்பாக்கி இல்லை என்றார்கள், ஆனால் கடைசி அரை மணி நேரம் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார்கள். நிஜ மஸ்கெட் நாலரைக் கிலோவுக்கு மேல் வருமாம். அதற்குச் சரியாக மரத்துக்குள் இரும்பு வைத்து எடை ஏற்றியிருக்கிறார்கள். மருந்து கெட்டிப்பதை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். இடுப்புப் பையிலிருந்து காகிதத் தோட்டா. பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். கொஞ்சம் மருந்து சக்கிமுக்கிக் கல்லுக்குக் கீழே இருக்கிற கிண்ணியில், மூடு. துப்பாக்கியைச் செங்குத்தாக நிறுத்து. மீதி மருந்து குழாயில், பின்னாலேயே குண்டு, காகிதம். கம்பியை உருவு, திருப்பு, குத்து, திரும்பவும் அதன் இடத்தில் செருகு. தோளுக்குக் கொண்டு வா. பழகின ஆள் ஒரு நிமிஷத்தில் மூன்று தடவை சுடுவானாம். நான் ஒரு தடவைக்கே ஒரு நிமிஷத்துக்கு மேல். மருந்துக்குப் பதில் தோட்டாவில் கேழ்வரகு மாவு வைத்திருக்கிறார்கள். கடித்ததும் வாயெல்லாம் மாவு, உதடு ஒட்டிக்கொண்டது. நிஜ மருந்தில் உப்பு இருக்கும், பத்துத் தோட்டா கடித்தால் நாக்கு வறண்டுபோகும் என்று பெரம்பூரான் அண்ணன் சொன்னார். தண்ணீர் கொண்டு வருகிறவன் வரிசைக்குப் பின்னால் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பழகி முடித்து டீ குடிக்க உட்கார்ந்தோம். அண்ணன் மண்ணில் குச்சியால் படம் போட்டுக் காட்டினார். இது கோட்டை, இது கறுப்பர் நகரம், இது கடல். பிப்ரவரி 16 அன்று கப்பல்கள் வந்தன, சுமார் 600 பேர் இறங்கினார்கள் என்றார். நான் கேட்டேன், எங்கே இறங்கினார்கள்? கடற்கரையில் என்றார். எப்படி என்றேன். அன்றைக்குத் துறைமுகம் கிடையாதே அண்ணே, நம் கரையில் அலை எப்படி மடங்கும் தெரியுமா, அந்தக் கப்பல் கரைக்கு வந்தால் உடைந்துவிடுமே, 600 பேரை யார் தூக்கிக்கொண்டு வந்தது? யாரும் பேசவில்லை. ஒரு காலேஜ் தம்பி மட்டும், மசூலா படகு என்று படித்திருக்கிறேன் என்றான்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மசூலா என்ற பேர் எங்கள் வீட்டில் இருக்கிறது. பெரியப்பா சொல்வார், அவருடைய தாத்தா கப்பல் சரக்கு இறக்கின ஆள், தைத்த படகு ஓட்டினவர் என்று. ஆணியே இல்லாமல் பலகையைக் கயிற்றால் தைத்த படகு. அங்கே உட்கார்ந்து எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். எதிரே இருந்தவர்கள் எல்லாரும் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

பெரம்பூரான் | அதே இரவு, 11.30

தம்பி, வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைப் புரட்டினேன். நீ சொன்னது ஒவ்வொன்றும் சரி. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். ஆள், சரக்கு, பணப்பெட்டி, குதிரை, எதுவாக இருந்தாலும் கரைக்கு வருவது மசூலாவில்தான். ஆணி அடித்த சீமைப் படகுகள் நம் அலையில் நொறுங்கிவிடும் என்று வெள்ளைக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் கட்டுமரம் வரும், தண்ணீரில் விழுந்தவனைத் தூக்க. கப்பலுக்குக் கடிதம் கொண்டு போவதும் கட்டுமரக்காரன்தான். தலையில் கூம்பு மாதிரி ஓலைத் தொப்பி, அதற்குள் கடிதம். அலை மேலே ஏறி இறங்கினாலும் நனையாது.

இத்தனை வருஷம் சிப்பாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். கோட்டையைக் காப்பாற்றிய 600 பேரைக் கரை சேர்த்த துடுப்புக்காரன் எங்கள் படத்திலேயே இல்லை.

ஊசிநூல் | திங்கள், காலை 6.05

ராத்திரி முழுக்க அந்த ஓலைத் தொப்பியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பனை ஓலை முடைகிற அம்மா ஒருவரை எனக்குத் தெரியும், பொன்னேரிப் பக்கம். கூம்பு வடிவத்தில் இரட்டை அடுக்காக முடையச் சொல்கிறேன். தம்பி, உனக்குக் கோட்டு அளவு எடுக்கவா, தொப்பி அளவு எடுக்கவா?

கரைவலை | திங்கள், இரவு 8.40

அக்கா, தொப்பி அளவு எடுங்கள்.

நேற்று வரைக்கும் சிவப்புக் கோட்டு போட வேண்டும் என்றுதான் ஆசை. இப்போதும் டிரில் பழகுவேன், ஞாயிறு தவறாமல் வருவேன். ஆனால் எனக்குப் பக்கத்திலேயே இருக்கிற வேலையை விட்டுவிட்டுத் துப்பாக்கி தூக்க மனசு வரவில்லை. காலடிப்பேட்டை ஐயாவுக்கும் ஒரு வார்த்தை: வாருங்கள் ஐயா. நீங்கள் தறிக்காரர், நான் படகுக்காரன். இரண்டு பேருக்கும் கோட்டு வேண்டாம்.

காலடிப்பேட்டை | திங்கள், இரவு 9.15

ஞாயிறு வருகிறேன் தம்பி. வீட்டில் தாத்தாவின் தறி நாடா ஒன்று இருக்கிறது, எடுத்து வருகிறேன்.

கரைவலை | புதன், இரவு 9.50

இன்று பெரியப்பா வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் ஒன்றும் பேசவில்லை. எழுந்து பின்பக்கம் போய் இரண்டு மாம்பலகைத் துண்டு எடுத்து வந்தார். விளிம்பு ஓரமாக ஒரு விரல் இடைவெளியில் ஓட்டை போட்டார். இரண்டையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து, நடுவில் தேங்காய் நாரைத் திரித்து மெத்தை மாதிரி வைத்து, அதற்கு மேல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக விட்டு இழுத்தார். இழுக்கும்போது ஒரு காலால் பலகையை மிதித்துக்கொள்கிறார். ஒவ்வொரு தையலுக்கும் கயிற்றை வாயில் வைத்து எச்சில் படுத்துகிறார். எட்டுத் தையல் போட்டதும் என் கையில் கொடுத்து வளைத்துப் பார் என்றார். வளைந்தது, ஆனால் விளிம்பு விலகவில்லை. "ஆணி அடிச்சா அலை ஒடைக்கும். தைச்சா அலையோட சேந்து வளையும்" என்றார். இதைப் பெரியப்பா எங்கே கற்றார் என்று கேட்டேன். சின்ன வயதில் பார்த்தது, ஐம்பது வருஷமாகச் செய்யவில்லை, கை மறக்கவில்லை என்றார்.

முழுப் படகு இப்போதைக்கு முடியாது. ஆறடி நீளத்துக்குப் படகின் ஒரு பக்கம் மட்டும் செய்யலாம் என்கிறார், ஜனங்கள் தொட்டுப் பார்க்கிற மாதிரி. பிப்ரவரி 16-க்கு முன்னால் முடித்துவிடலாமாம். மாம்பலகை நான் பார்த்துக்கொள்கிறேன். பிளாஸ்டிக் கலக்காத தேங்காய் நார்க்கயிறு, சுண்டுவிரல் பருமன், நாற்பது முழம் வேண்டும். பிராட்வே பக்கம் கிடைக்கும் இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வாங்கியதும் இரண்டு நாள் கடல் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், அதனால் சனிக்கிழமைக்குள் கைக்கு வந்தால் நல்லது.

வடசுவர் | புதன், இரவு 10.00

கயிறு நான் நாளைக்கே வாங்கிவிடுகிறேன். பெரியப்பா ஞாயிறு வருவாரா? வருவதானால் மைதானத்தில் அவருக்கு நாற்காலி போட்டு வைக்கிறோம்.

கரைவலை | புதன், இரவு 10.05

வருவார். நாற்காலி வேண்டாம் அண்ணே, தரையில் உட்கார்ந்தால்தான் கால் பலகையை மிதிக்கும்.